சாம்பலில் விளையும் உறுதி

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் சோழர் பாணியில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. பெயர் இறைவன் கோயில். வடிவமைத்தவர் கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலையை எழுப்பியவர். கருங்கற்களைப் பெங்களூர் அருகே உளிகொண்டு செதுக்கி, கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். கோயில் ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்பது அதை நிறுவிய குருவின் விருப்பம். கல் நிற்கும், தஞ்சைப் பெரிய கோயிலே அதற்குச் சாட்சி. கல்லுக்குக் கீழே ஊற்றப்போகும் கான்கிரீட் நிற்குமா என்பதுதான் கேள்வி. இன்றைய கான்கிரீட் கட்டடங்களுக்கு ஐம்பது முதல் நூறு ஆண்டுதான் ஆயுள் என்று கணக்குப் போட்டுக் கட்டுகிறோம்.

அந்தப் பொறுப்பை ஏற்றவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகப் பேராசிரியர் பி.கே. மேத்தா. 1999இல் அடித்தளம் ஊற்றப்பட்டது. 36 மீட்டர் நீளம், 17 மீட்டர் அகலம், இரண்டு அடுக்காகச் சேர்த்து 1.2 மீட்டர் கனம். அதில் ஒரு கம்பிகூடக் கிடையாது. பெரும்பாலும் கம்பி துருப்பிடித்து வீங்கும்போதுதான் கான்கிரீட் பிளக்கிறது. எனவே கம்பியே வேண்டாம் என்று விட்டுவிட்டார் மேத்தா. கலவை இன்னும் வியப்பானது. ஒரு கன மீட்டருக்கு அவர் போட்ட சிமென்ட் 106 கிலோ. நம் ஊரில் சாதாரண வீட்டின் தளத்துக்கே ஒரு கன மீட்டருக்கு ஆறு மூட்டை, அதாவது 300 கிலோ போடுகிறோம். ஆயிரம் ஆண்டுக் கோயிலுக்கு இரண்டு மூட்டைக்குச் சற்று மேலேதான். கூடவே சேர்த்தது 142 கிலோ சாம்பல்: நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையத்தில் புகையோடு பறந்துவரும் சாம்பல்.

சிமென்டைக் குறைத்து ஆயுளைக் கூட்ட முடிந்தது எப்படி? கான்கிரீட்டின் உறுதி அதில் எவ்வளவு சிமென்ட் கொட்டுகிறோம் என்பதைவிட, உள்ளே எவ்வளவு ஓட்டை விடுகிறோம் என்பதையே அதிகம் சார்ந்திருக்கிறது. ஆலைச் சாம்பலும் உலைக் கசடும் இன்று பேசப்படும் நானோ துகள்களும் அந்த ஓட்டைகளை அடைக்கும் வழிகள்தான். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில்.

நீர் விட்டுப்போகும் ஓட்டைகள்

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கிடைக்கும் கட்டி கிளிங்கர். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமென்ட். தண்ணீர் பட்டதும் சிமென்டில் உள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் வினைபுரிந்து இரண்டு பொருள்களைத் தருகின்றன. ஒன்று, கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்னும் கூழ்மம். மணலையும் ஜல்லியையும் இறுகப் பிடித்துக்கொள்ளும் பசை இதுதான். மற்றொன்று, கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீறிய சுண்ணாம்பு. இறுகிய சிமென்ட் பசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சுண்ணாம்பு. கம்பி துருப்பிடிக்காமல் காக்கும் காரத்தன்மையைத் தருவது இதன் நன்மை. ஆனால் வலிமைக்கு இதன் பங்கு குறைவு. நீரில் மெல்லக் கரையும், சல்பேட் உப்புகளுக்கு இரையாகும்.

இன்னொரு சிக்கல் தண்ணீர். 100 கிலோ சிமென்ட் முழுதாக வினைபுரிய 40 லிட்டர் அளவு தண்ணீர் போதும். கலவை இளகி ஓட வேண்டும் என்பதற்காகக் கட்டுமான இடத்தில் 50, 60 லிட்டர் என்று ஊற்றிவிடுகிறோம். மிஞ்சிய தண்ணீர் பிறகு ஆவியாகிப் போகும். அது இருந்த இடம் நுண்குழாய்களாக நின்றுவிடும். தண்ணீருக்கும் சிமென்டுக்கும் உள்ள விகிதம் ஏற ஏற வலிமை இறங்கும் என்பதை அமெரிக்கரான டஃப் ஏப்ராம்ஸ் 1918இலேயே சோதித்துக் காட்டினார். அந்த நுண்குழாய்கள் வழியாகத்தான் கடற்காற்றின் உப்பும் கரியமில வாயுவும் உள்ளே புகுந்து கம்பியை எட்டுகின்றன.

பலவீனத்தின் மூன்றாவது இடம் ஜல்லியின் விளிம்பு. ஒவ்வொரு ஜல்லியைச் சுற்றியும் சில பத்து மைக்ரான் கனத்துக்கு ஒரு படலம் இருக்கிறது. தண்ணீர் அங்கே அதிகம் தேங்குவதால் ஓட்டைகளும் சுண்ணாம்புப் படிகங்களும் அங்கே மிகுதி. சுமை ஏறும்போது விரிசல் பெரும்பாலும் தொடங்குவது இந்தப் படலத்தில்தான். கருங்கல் ஜல்லி உடைவதற்கு முன்பே அதன் பிடி விட்டுப்போகிறது.

ஆக, செய்ய வேண்டியவை மூன்று: தண்ணீரைக் குறைக்க வேண்டும், வலிமைக்கு அதிகம் உதவாத சுண்ணாம்பைப் பசையாக மாற்ற வேண்டும், மிஞ்சும் இடுக்குகளை அடைக்க வேண்டும்.

உருண்டைக் கண்ணாடிகள்

நேப்பிள்ஸ் அருகே பொட்சுவோலியில் கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்தால் தண்ணீருக்கு அடியிலும் இறுகும் காரை கிடைக்கும் என்பதை ரோமானியர் அறிந்திருந்தனர். ரோம் நகரின் பாந்தியன் கோயிலில் 43 மீட்டர் விட்டமுள்ள கம்பியில்லாக் கான்கிரீட் கவிகை ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. சிமென்ட் என்று இன்று நாம் சொல்லும் போர்ட்லேண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றதே 1824இல்தான்.

எரிமலை செய்த வேலையை அனல்மின் நிலையமும் செய்கிறது. பொடியாக்கிய நிலக்கரி எரியும்போது அதிலுள்ள மண் தாதுக்கள் உருகி, புகையோடு மேலேறும்போது சட்டென்று குளிர்ந்து, நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாகின்றன. புகைபோக்கிக்கு முன்னுள்ள மின்வடிப்பான்கள் அவற்றைப் பிடித்துச் சேர்க்கின்றன. இதுதான் ஃப்ளை ஆஷ். இதன் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். படிகமாகாமல் கண்ணாடியாக இருப்பதால்தான் இவை வினைபுரிகின்றன. அதே சிலிக்கா ஆற்று மணலில் படிகமாக இருக்கிறது, சுண்ணாம்போடு சேராமல் சும்மா கிடக்கிறது.

கான்கிரீட்டில் இந்தச் சாம்பல் இரண்டு வேலை பார்க்கிறது. உருண்டையாக இருப்பதால் கலவை எளிதில் வழுக்கி ஓடுகிறது, தண்ணீரைக் குறைக்கலாம். பிறகு, சிமென்ட் வெளியிடும் சுண்ணாம்போடு மெல்ல வினைபுரிந்து, மேலும் பசையை உண்டாக்குகிறது. வலிமைக்கு உதவாதது உதவுவதாகிறது, ஓட்டைகளும் குறுகுகின்றன.

விலையும் ஒன்றுண்டு, அது காலம். சாம்பல் வினை மெதுவானது. ஏழாம் நாள் சோதித்தால் சாம்பல் கான்கிரீட் பின்தங்கி நிற்கும். இருபத்தெட்டாம் நாள் நெருங்கி வரும். தொண்ணூறு நாளில் பல நேரம் முந்திவிடும். கவாய்க் கோயிலுக்கு இந்த மந்தமே வரமானது. சிமென்ட் இறுகும்போது வெப்பம் வெளிப்படும். பருத்த கான்கிரீட்டில் உள்ளே சூடும் மேலே குளிர்ச்சியுமாக இருந்தால் விரிசல் விடும். சிமென்டைக் குறைத்ததாலும் சாம்பல் மெதுவாக வினைபுரிவதாலும் சூடும் குறைந்தது. அமெரிக்காவின் மொன்டானாவில் 1953இல் முடிந்த ஹங்ரி ஹார்ஸ் அணையில் பெருமளவு சாம்பல் சேர்த்ததற்கும் இதுவே முக்கியக் காரணம்.

இந்தியாவில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. நம் நிலக்கரியில் 30 முதல் 40 சதவீதம் வரை சாம்பல்தான். 2021-22இல் மட்டும் நாட்டின் அனல்மின் நிலையங்களில் வெளிவந்தது 27 கோடி டன்னுக்கு மேல். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கலந்து மீனவர் வாழ்வைக் கெடுத்த கதை சென்னை அறிந்ததே. சாம்பலை முழுதும் பயன்படுத்தியாக வேண்டும் என்று நடுவணரசு விதி செய்திருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் பள்ளம் நிரப்புவதும் கைவிட்ட சுரங்கத்தில் கொட்டுவதும் சேர்த்திதான். கான்கிரீட்டுக்குப் போகும் சாம்பல்தான் சிமென்டை மிச்சப்படுத்துகிறது. அதற்கும் எந்தச் சாம்பலும் ஆகாது. மின்வடிப்பானில் பிடித்த நுண்சாம்பல் வேண்டும். தண்ணீரில் கரைத்துக் குளத்தில் விட்ட சாம்பல் பருமனானது, வினைத்திறன் குறைந்தது. எரியாத கரி மிச்சம் இருந்தால் அது கலவையில் சேர்க்கும் ரசாயனங்களை உறிஞ்சிவிடும். இதனால்தான் இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 3812 சாம்பலின் நுண்மைக்கும் கரிக்கும் வரம்பு வைத்திருக்கிறது.

உலைக் கசடும் சிலிக்காப் புகையும்

இரும்பு உருக்கும் ஊதுலையில் இரும்பின் மேல் மிதக்கும் கசடு இன்னொரு செல்வம். உருகிய கசட்டைத் தண்ணீர் பீய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் கண்ணாடி மணலாகும். அதை நுணுக அரைத்தால் கட்டுமானத்தில் ஜி.ஜி.பி.எஸ். என்று புழங்கும் தூள் கிடைக்கும். சாம்பலைவிட இதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். எனவே சிமென்டில் பாதிக்கு மேலும் இதைக் கலக்கலாம். கசடுச் சிமென்டுக்கான இந்தியத் தரவிதி 70 சதவீதம் வரை அனுமதிக்கிறது. இதன் தனிச்சிறப்பு கடலோரத்தில் தெரியும். உப்பின் குளோரைடு உள்ளே ஊடுருவுவதை இது வெகுவாகத் தாமதப்படுத்துகிறது. துறைமுகம், கடற்பாலம், உப்புநீர் ஏறிய நிலத்தில் அடித்தளம் என்று வரும்போது பொறியாளர்கள் கசட்டைத் தேடுவது இதனால்தான்.

சாம்பலும் கசடும் சிமென்ட் துகளின் பருமனையே ஒத்தவை. மூன்றாவது பொருள் வேறு வகை. சிலிக்கான், ஃபெரோசிலிக்கான் உருக்கும் மின்னுலைகளின் புகையில் படியும் சிலிக்காப் புகைத்தூளின் துகள், சராசரியாக சிமென்ட் துகளில் நூறில் ஒரு பங்கு. நார்வேயில் 1950களின் தொடக்கத்திலேயே இதைக் கான்கிரீட்டில் சோதித்தார்கள். ஆலைகள் புகையை வடிகட்டியே ஆக வேண்டும் என்று 1970களில் சட்டங்கள் இறுகிய பிறகுதான் தூள் மலையாகக் குவிந்தது, பயன்பாடும் பெருகியது.

படியில் புளியங்கொட்டையை நிரப்பிய பிறகும் அதன் இடுக்கில் கடுகு கொள்ளும். கடுகு நிறைந்த பிறகும் மாவு கொள்ளும். சிலிக்காப் புகைத்தூள் செய்வது அந்த மாவின் வேலை. சிமென்ட் துகள்களுக்கு இடையிலும் ஜல்லி விளிம்பின் பலவீனப் படலத்திலும் புகுந்து அடைக்கிறது. அடைத்த இடத்திலேயே சுண்ணாம்பைப் பசையாக்கியும் விடுகிறது. சிமென்டின் எடையில் 5 முதல் 10 சதவீதம் சேர்த்தாலே போதும். ஆனால் இவ்வளவு நுண்ணிய தூள் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சூப்பர் பிளாஸ்டிசைசர் என்னும் இளக்கி இல்லாமல் இதைக் கையாள முடியாது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கி, குறைந்த தண்ணீரிலேயே கலவையை ஓடச்செய்வது அந்த இளக்கி.

பலன் என்ன? நம் வீடுகளில் எம்20 என்று சொல்லும் கான்கிரீட், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ சுமை தாங்கும். அமெரிக்காவின் சியாட்டிலில் 1989இல் முடிந்த டூ யூனியன் ஸ்கொயர் கட்டடத்தின் தூண்களில் சிலிக்காப் புகைத்தூள் சேர்த்த கான்கிரீட் 1,300 கிலோவைத் தாங்கியது. 1997இல் கனடாவின் ஷெர்புரூக் நகரில் கட்டிய நடைபாலத்தின் கான்கிரீட் இன்னும் மேலே போய் 2,000 கிலோவைத் தொட்டது. 60 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் நடைதளம் வெறும் 3 சென்டிமீட்டர் கனம். துபாயின் புர்ஜ் கலீஃபாவுக்கு அடியில் நிலத்தடி நீர் கடல்நீரைவிட உப்பு. அங்கே இறக்கிய பைல்களின் கலவையில் 25 சதவீதம் சாம்பலும் 7 சதவீதம் சிலிக்காப் புகைத்தூளும் இருந்தன.

நானோ: அடைப்பும் விதையும்

சிலிக்காப் புகைத்தூளுக்கும் கீழே இறங்கினால் நானோ உலகம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நானோ சிலிக்காவின் துகள் பத்து, இருபது நானோமீட்டர் அளவில் இருக்கும். கான்கிரீட்டின் பசையான கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்டே சில நானோமீட்டர் அளவுக் கட்டமைப்புதான். எனவே இந்தத் துகள்கள் பசை உருவாகும் தளத்திலேயே தலையிடுகின்றன.

இங்கே அடைப்பது பாதி வேலைதான். மழைத்துளி உருவாகத் தூசு தேவைப்படுவதுபோல, பசை படியவும் ஓர் இடம் வேண்டும். வழக்கமாக அது சிமென்ட் துகளின் மேற்பரப்பிலேயே படிந்து, துகளை மூடி, உள்ளே தண்ணீர் போவதைத் தடுத்துவிடும். கலவை முழுதும் நானோ துகள்கள் விரவியிருந்தால் பசை அவற்றின் மேலும் படியத் தொடங்குகிறது. வினை விரைவுபடுகிறது, பசை சீராகப் பரவுகிறது. மேற்பரப்பு மிகுதி என்பதால் நானோ சிலிக்கா சுண்ணாம்போடும் மாதங்கள் காத்திராமல் நாள்களிலேயே வினைபுரிகிறது.

இதன் முக்கியத்துவம் சாம்பலோடு சேரும்போது புலப்படும். சாம்பலின் குறை தொடக்கத்தில் மந்தம்; நானோ சிலிக்காவின் பலம் தொடக்கத்தில் வேகம். சிமென்டின் எடையில் 1 முதல் 3 சதவீதம் நானோ சிலிக்கா சேர்த்தால், சாம்பல் மிகுந்த கலவையும் ஆரம்ப நாள்களில் பின்தங்காமல் ஓடுகிறது. சிலிக்காவுக்குப் பதிலாக, முன்கூட்டியே தயாரித்த பசைத் துகள்களையே திரவத்தில் மிதக்கவிட்டு விதையாகச் சேர்க்கும் பொருள்களும் சந்தைக்கு வந்துவிட்டன. காலையில் ஊற்றி மாலையில் அச்சைக் கழற்ற விரும்பும் முன்வார்ப்புக் கான்கிரீட் ஆலைகளுக்கு அவை உதவுகின்றன.

நானோ டைட்டானியம் டையாக்சைடின் வேலை வேறு. வெயில் பட்டால் இது மேற்பரப்பில் ஒட்டும் அழுக்கைச் சிதைக்கும். ரிச்சர்ட் மேயர் வடிவமைத்து 2003இல் திறக்கப்பட்ட ரோம் ஜூபிலி தேவாலயத்தின் வெள்ளைச் சுவர்களில் இதைப் பயன்படுத்தினார்கள். கார்பன் நானோ குழாய்களும் கிராஃபீனும் இழுவிசையைக் குறிவைப்பவை. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுத்தால் பிளக்கும். நானோ அளவில் விரிசல் தொடங்கும்போதே குறுக்கே நின்று பிடிப்பது இவற்றின் வேலை. இங்கிலாந்தின் ஏம்ஸ்பரியில் 2021இல் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் தரையைக் கிராஃபீன் கலந்த கான்கிரீட்டால் ஊற்றிப் பார்த்தார்கள்.

ஆய்வகத்துக்கு வெளியே

இப்படியிருக்க, நம் தெருவில் போகும் ரெடிமிக்ஸ் லாரிகளில் நானோ ஏன் இல்லை?

முதல் தடை, திரளல். நானோ துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்துக் கட்டிதட்டும். கட்டி தட்டிய நானோ சிலிக்கா வெறும் விலை உயர்ந்த மணல். கார்பன் குழாய்களைப் பிரிக்க மீயொலி அதிர்வு வேண்டும். கிராஃபீன் ஆக்சைடு வெறும் தண்ணீரில் நன்றாகப் பரவும். கால்சியம் நிறைந்த சிமென்ட் நீரில் விழுந்ததும் சுருண்டு திரளும். ஆய்வகத்தில் ஒரு லிட்டருக்குச் செய்ததைக் கட்டுமான இடத்தில் ஆறு கன மீட்டருக்குச் செய்வது வேறு கலை. இரண்டாவது, அளவு மிஞ்சினால் பலன் தலைகீழாகும். மேற்பரப்பு கூடக் கூடத் தண்ணீர்த் தேவை ஏறும், கலவை இறுகி ஓடாது, காற்றுக் குமிழிகள் சிக்கும், வலிமை மறுபடியும் இறங்கும். மூன்றாவது, விலை. நான்காவது, நுண்தூளைச் சுவாசிக்கும் தொழிலாளியின் நுரையீரல். பொடியாக இல்லாமல் திரவமாகத் தருவதே பாதுகாப்பு.

பழைய பொருள்களுக்கும் எச்சரிக்கை உண்டு. சாம்பலும் கசடும் சுண்ணாம்பைத் தின்று தீர்ப்பதால், கம்பியைக் காக்கும் காரம் சற்றுக் குறைகிறது. நீராற்றுவதில், அதாவது இறுகும் கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பதில், கஞ்சத்தனம் காட்டினால் மேற்புறம் நுண்துளையோடு நின்றுவிடும். கரியமில வாயு விரைவாக உள்ளே புகுந்து கம்பியைத் துருவாக்கும். நன்றாக நீராற்றிய சாம்பல் கான்கிரீட் நெடுநாள் உழைக்கும். நீராற்றாதது சாதாரணக் கான்கிரீட்டைவிட மோசமாகும்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டன் சிமென்ட் செய்கிறது. மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் அதிலிருந்து வருகிறது. அடுப்பு எரிப்பதால் மட்டும் வருவதல்ல இது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே அதன் எடையில் 44 சதவீதம் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். சூரிய ஒளியில் சுட்டாலும் இது மாறாது. கிளிங்கரைக் குறைப்பதே நேர்வழி.

ஆனால் கழிவை நம்பிய வழிக்கு ஒரு முடிவும் தெரிகிறது. பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பரில் மூடிவிட்டது. அங்கே புதுச் சாம்பல் இனி இல்லை. இரும்பு ஆலைகளும் ஊதுலையிலிருந்து மின்னுலைக்கு மாறுகின்றன, கசடும் குறையும். இந்தியாவில் அந்த நாள் தள்ளியே இருக்கிறது. இருந்தாலும் மாற்று வந்துவிட்டது. மட்டமான கயோலின் களிமண்ணை 700, 800 டிகிரியில் சுட்டு, சுடாத சுண்ணாம்புக்கல் பொடியோடு கலந்தால் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கலாம். சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட இந்திய நிறுவனங்கள் சேர்ந்து வளர்த்த இந்த எல்.சி.3 சிமென்டுக்கு 2023இல் இந்தியத் தரவிதியும் (ஐ.எஸ். 18189) கிடைத்துவிட்டது.

வீடு கட்டுவோருக்கு

நானோ சிலிக்கா உங்கள் வீட்டுக் கூரைக்கு வர இன்னும் நாளாகும். வரவில்லை என்று வருந்தவும் வேண்டாம். சாம்பல் ஏற்கெனவே வந்துவிட்டது. கடையில் பி.பி.சி. என்று விற்பது 15 முதல் 35 சதவீதம் சாம்பல் கலந்த சிமென்ட்; சாம்பல் கலக்காதது ஓ.பி.சி. "பி.பி.சி. மட்டம், ஓ.பி.சி.தான் உறுதி" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; பி.பி.சி. மெதுவாக ஏறும், கடைசியில் குறையாது. கடற்கரை ஊரில் கட்டுகிறீர்கள் என்றால் கசடுச் சிமென்ட் கிடைக்குமா என்று கேளுங்கள். மூட்டைச் சிமென்டில் சாம்பல் ஏற்கெனவே இருக்கிறது. மேற்கொண்டு சாம்பல் வாங்கிக் கலக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எவ்வளவு சேர்ப்பது என்பது பொறியாளரும் சோதனைக்கூடமும் முடிவு செய்ய வேண்டியது.

மேஸ்திரியிடம் இரண்டே கோரிக்கை வையுங்கள். கலவை இறுக்கமாக இருக்கிறது என்று தண்ணீர் ஊற்ற வேண்டாம். இளக்கி சேர்க்கலாம், வைப்ரேட்டர் போடலாம். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதை ஏழாம் நாளோடு நிறுத்த வேண்டாம். சாம்பல், கசடு கலந்த சிமென்டுக்கு ஐ.எஸ். 456 குறைந்தது பத்து நாள் கேட்கிறது, பதினான்கு நாள் வைத்தால் நல்லது என்கிறது. எந்த நானோ துகளாலும் ஈடுகட்ட முடியாத வலிமை, அந்தக் கூடுதல் ஏழு நாள் தண்ணீரில் இருக்கிறது.